நடந்தால் எட்டு நிமிஷம்

மார்ச் 2

மதிப்பிற்குரிய சர்வேயர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் சொல்லமாட்டீர்கள்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது. நம் மகளோ, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால தபால்காரி வேலை பார்க்க முடியாது, நேரா பேசிக்கோங்க" என்று கையைக் கழுவிவிட்டாள். அதனால் கடிதம். இதில் ஒரு வசதி, நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது.

மருத்துவமனை லேபில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. வேலை அதே வேலைதான், ரத்தம், சிறுநீர், சளி. புதுசு என்னவென்றால், நான் தங்கியிருக்கிற ஊழியர் விடுதியைப் பழுது பார்க்கப் போகிறார்களாம். ஏப்ரல் முடிவில் எல்லோரும் காலி செய்ய வேண்டும். ஆகவே வீடு தேடுகிறேன். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றவர்கள் வாடகைக்குத் தேடிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். வண்டி இல்லாமல், யாரையும் கேட்காமல், என் காலால் போய் என் காலால் திரும்புகிற மாதிரி ஒரு வீடு. வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஐம்பத்தாறு வயதில் இதுதான் என் பேராசை.

இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒரு பையில் ஐந்து கிலோ வெங்காயம், ஒரு லிட்டர் எண்ணெய், ஒரு பாக்கெட் சோப்புத்தூள். வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து வீட்டு வாசல் வரை அதைத் தூக்கி நடப்பேன். வழியில் ஒரு தடவைக்கு மேல் பையைக் கீழே வைத்தால் வீடு தோல்வி. புரோக்கர் சொல்கிறார், "வெங்காயத்தோட வீடு பார்க்க வர்ற முதல் ஆள் நீங்கதாம்மா."

இதுவரை மூன்று வீடுகள் தோற்றன. ஒன்றில் கடை எதிர்ப்புறமே இருக்கிறது, கடைக்காரர் கொட்டாவி விடுவதுகூடத் தெரிகிறது. ஆனால் நடுவே ஓடுகிற பெரிய சாலையைக் கடக்க முக்கால் கிலோமீட்டர் போய் மேம்பாலம் ஏற வேண்டும். நான்கு தடவை வைத்தேன். எல்லா வீட்டுக்கும் அதே வெங்காயம்தான். இப்போது முளைவிட ஆரம்பித்திருக்கிறது.

இப்படிக்கு,
பை தூக்கி

*

மார்ச் 9

அன்புள்ள வெங்காயக்காரிக்கு,

கடிதம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்த வீடு இங்கே அப்படியே இருக்கிறது. நானே அளந்து, நானே கல் நட்டுக் கட்டிய வீடு. மார்க்கெட் பத்து நிமிஷம், மருந்துக் கடை பத்து நிமிஷம், ஸ்டேஷன் பத்து நிமிஷம். இதை விட்டுவிட்டு வெங்காய மூட்டையோடு தெருத்தெருவாக அலைவானேன்? திரும்பி வா என்று எழுதப் போவதில்லை. எழுதினால் வரமாட்டாய் என்று தெரியும்.

ஆனால் சோதனை என்றால் முறை வேண்டாமா? பையை எந்தக் கையில் பிடித்தாய்? கை மாற்றினாயா? தூரத்தைக் குறித்தாயா? அளவுச்சங்கிலி இல்லாத இடத்தில் நாங்கள் காலடியால் அளப்போம். அளந்து வைத்த நூறு மீட்டரை மூன்று தடவை நட. காலடிகளை எண்ணி சராசரி எடு. அதற்கப்புறம் உன் காலே உனக்கு டேப். மருத்துவமனை வராந்தாவிலேயே செய்யலாம். யாராவது கேட்டால் சர்வேயர் பெண்டாட்டி என்று சொல்.

நானும் சும்மா இல்லை. வரைபடத்தை விரித்து, உன் மருத்துவமனையில் காம்பஸ் முள்ளை ஊன்றி வட்டம் போட்டேன். கிழக்கே ஒரு குடியிருப்பு. உன் வாசலிலிருந்து நானூறு மீட்டர்! வாடகையும் குறைவு, எதிர்வீட்டு வங்கிக்காரர் விளம்பரத்தைப் படித்துச் சொன்னார். விலாசம் பின்பக்கத்தில். போய்ப் பார்.

கார் நன்றாக இருக்கிறது. கேட் தூணைத்தான் அந்தக் காலத்திலேயே கொஞ்சம் உள்ளே தள்ளி நட்டுவிட்டேன் போல, போன வாரம் உரசிவிட்டது.

இப்படிக்கு,
வட்டம் போட்டவன்

*

மார்ச் 17

நானூறு மீட்டர் சர்வேயர் அவர்களுக்கு,

முதலில் தூண் விஷயம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இருபத்திரண்டு வருஷமாக உரசாத தூண் இப்போது எப்படி நகர்ந்தது?

சொன்னபடி வராந்தாவில் நடந்தேன். நூறு மீட்டருக்கு நூற்று ஐம்பத்தெட்டு காலடி. எலும்பு டாக்டர் நின்று பார்த்துவிட்டு, "முட்டி வலியா?" என்று கேட்டார். நீங்கள் சொன்ன பதிலையே சொன்னேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்ன வீட்டுக்குப் போனேன். அருமையான வீடு. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் எங்கள் மருத்துவமனைப் பெயர்ப்பலகை தெரிகிறது. நடுவே என்ன தெரியுமா? கால்வாய்! இந்தக் கரையில் ஒரு சுவர், அந்தக் கரையில் ஒரு சுவர். பாலம் எங்கே என்று வீட்டுக்கார அம்மாவைக் கேட்டேன். "பாலமா? அது தேர்தலுக்குத் தேர்தல் வரும், அப்புறம் போயிடும்" என்றார்.

சுற்றிக்கொண்டு நடந்து பார்த்தேன். நாலாயிரத்து முந்நூறு காலடி. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பையை ஏழு தடவை கீழே வைத்தேன். காக்கைக்கு வீடு பார்த்திருக்கிறீர்கள், பெண்டாட்டிக்கு இல்லை. கால்வாய்ச் சுவரில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது அழுகையும் வந்துவிட்டது. வந்தது வரட்டும் என்று எழுதிவிடுகிறேன்.

உங்கள் பத்து நிமிஷம் எல்லாமே காரில் பத்து நிமிஷம். கார் உங்களுடையது. பழைய லேபுக்குக்கூட அவர்கள் வேன் வந்து ஏற்றிப்போனால்தான் உண்டு. ஒரு நூல்கண்டு வாங்க வேண்டும் என்றால், நீங்கள் பேப்பர் படித்து முடிக்கிறீர்களா, முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கேட்பேன். நீங்கள் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை, உண்மை. "ஞாயித்துக்கிழமை சேர்த்து வாங்கிக்கலாமே" என்பீர்கள். என் ஆசைகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு வரிசையில் நின்றன.

நீங்கள் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஜூனில் முகாம் வேலையாகப் போயிருந்தீர்களே, அப்போது எனக்குக் காய்ச்சல். மாத்திரை தீர்ந்துவிட்டது. லாரிகள் போகிற அந்த ரோட்டின் ஓரமாக நடந்தே மருந்துக் கடைக்குப் போனேன். ஒரு மணி பத்து நிமிஷம். கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி அங்கேயே மாத்திரையை விழுங்கிவிட்டு அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. "போன் பண்ணியிருந்தா யாரையாவது அனுப்பியிருப்பேனே" என்பீர்கள். யாராவது அனுப்பி, யாராவது கூட்டிப்போய், நான் வாசலில் காத்து நின்று... அதுதான் எனக்கு அலுத்துவிட்டது. உங்கள் மேல் கோபித்துக்கொண்டு நான் வரவில்லை. களைத்துப்போய் வந்தேன்.

ஏப்ரல் முடிய ஆறு வாரம்தான் இருக்கிறது. வெங்காயம் புதிதாக வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
காக்கை அல்லாதவள்

*

மார்ச் 26

அன்புள்ள உனக்கு,

நாற்பது வருஷ சர்வேயர், வரைபடத்தில் கால்வாயைப் பார்க்காமல் நேர்கோடு போட்டேன் என்றால் என் உதவியாளர்கள் நம்பமாட்டார்கள். கவனக்குறைவு. மன்னித்துக்கொள். 2.7 கிலோமீட்டர் வருகிறது.

காய்ச்சல் விஷயம் எனக்குத் தெரியாது. நீ சொன்னபடியேதான் நான் சொல்லியிருப்பேன், யாரையாவது அனுப்பியிருப்பேன் என்று. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒன்று கேட்க வேண்டும், சும்மா தெரிந்துகொள்ளத்தான். நான் வாரக்கணக்கில் முகாமில் இருந்த நாட்களில் முட்டை எங்கே வாங்கினாய்? காய்கறி வண்டி எந்தக் கிழமை வரும்? வருகிறவர் நம் தெருமுனை வரை வருவாரா, பெரிய ரோட்டோடு போய்விடுவாரா?

வீடு எந்த மட்டில் இருக்கிறது? எழுது. நீ எழுதுவதைப் படிக்க எனக்கு அரைநாள் ஆகிறது. ஆனால் நன்றாகப் பொழுது போகிறது.

இப்படிக்கு,
நேர்கோட்டுக்காரன்

*

ஏப்ரல் 5

அன்புள்ள நேர்கோட்டுக்காரருக்கு,

கிடைத்துவிட்டது! இருங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

மருத்துவமனைக்குப் பின்னால் மார்க்கெட். மார்க்கெட்டின் மறுபக்கம் ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பேர் பையோடு வந்தால் ஒருவர் தோளைச் சாய்க்க வேண்டும், அவ்வளவு அகலம். அதில் தையல் கடை மாடியில் ஓர் அறையும் சமையல்கட்டும். புரோக்கர் வாசலிலேயே தலையைச் சொறிந்தார். "சொல்லிடறேன்மா, கார் உள்ள வராது. அதனாலதான் வாடகை கம்மி. யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க." எனக்கு உள்ளே குதியாட்டம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "அடடா" என்றேன். வாடகை இன்னும் கொஞ்சம் இறங்கியது.

யோசித்துப் பாருங்கள், ஊரெல்லாம் காருக்கு வாடகை கொடுக்கிறது. கார் நுழைய முடியாத இடத்தில் மனுஷிக்கு மட்டும் கொடுத்தால் போதும். இதை ஏன் யாரும் எனக்கு முன்னமே சொல்லவில்லை?

சந்தேகங்களையும் தீர்த்துக்கொண்டேன். ஃபிரிட்ஜ் எப்படி வரும்? தள்ளுவண்டியில். ஆம்புலன்ஸ்? சந்து முனையில் நிற்கும், அங்கிருந்து நூற்று நாற்பது காலடி, ஸ்ட்ரெச்சர் வரும். மழைத் தண்ணீர்? கணுக்கால் வரை, ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். இதையெல்லாம் கேட்டபோது தையல்கார அம்மா, "வீடு பார்க்க வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?" என்றார். என்னைவிட நான்கு வயது சின்னவர், வாய் பத்து வயது பெரியது. எங்களுக்குள் ஒத்துப்போகும்.

பையை ஒரு தடவைகூடக் கீழே வைக்கவில்லை. மாடி ஏறி முடித்த பிறகுதான் கையில் பை இருப்பதே ஞாபகம் வந்தது. லேபுக்கு நான்கு நிமிஷம். இருபதாம் தேதிக்குள் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முட்டை பற்றி என்றைக்கு நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்? கார் நன்றாக இருக்கிறவர் காய்கறி வண்டிக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? அது மட்டுமில்லை. உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எறும்பு எழுத்துக்காரர் நீங்கள். மார்ச் ஒன்பதாம் தேதி எழுத்து பட்டாணி அளவு. இருபத்தாறாம் தேதி எழுத்து நெல்லிக்காய் அளவு, வரிகள் வலப்பக்கம் சரிகின்றன. விளம்பரத்தை வங்கிக்காரர் ஏன் படித்துச் சொன்னார்? உங்களுக்கு அரைநாள் ஆகிறதென்றால் என் கையெழுத்து அவ்வளவு மோசமா?

முப்பது வருஷமாகக் கண்ணாடித் தட்டில் கறையைப் பார்த்து நோயைச் சொல்கிறவள் நான். கண் டாக்டரைப் பார்த்தீர்களா, இல்லையா? ஒரே வரியில் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
விசாரணை அதிகாரி

*

ஏப்ரல் 11

அன்புள்ள உனக்கு,

பார்த்தேன். டிசம்பரில்.

ஒரே வரி கேட்டாய், கொடுத்துவிட்டேன். மீதியையும் சொல்லிவிடுகிறேன். விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறதாம். ஒன்றை நேராகப் பார்த்தால் அது இருக்காது, ஓரத்தில் பார்த்தால் இருக்கும். முழுக் குருடாக மாட்டேன், நடமாடலாம், ஆனால் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். மார்ச்சில் வீம்புக்கு ஒரு நாள் எடுத்தேன். கேட்டைக்கூடத் தாண்டவில்லை. தூண் நகரவில்லை, எனக்குத்தான் தெரியவில்லை. கால்வாயும் அப்படித்தான். கவனக்குறைவு என்று எழுதியது பொய். நிஜமாகவே எனக்கு அந்த நீலக்கோடு தெரியவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று நீ கத்துவது கேட்கிறது. ஏன் சொல்லவில்லை என்றால், நீ அப்போது போக முடிவு செய்துவிட்டாய். வேலைக்கு மனுப் போட்டிருந்தாய். நான் இதைச் சொல்லியிருந்தால் நீ நின்றிருப்பாய். அந்த வீட்டில், அந்த ரோட்டோரத்தில், இரண்டு பேரும் யாருக்காவது காத்துக்கொண்டு. இருபத்திரண்டு வருஷம் என்னைக் கேட்டுக் கேட்டு வெளியே போனவளை, இந்த ஒரு தடவை நான் தடுக்கக் கூடாது என்று நினைத்தேன். எனக்கு உள்ளூரப் பயம்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

போன புதன்கிழமை காலையில் மருந்துக் கடைக்கு நடந்தேன். நீ காய்ச்சலோடு நடந்த அதே வழி. எண்ணினேன். ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு காலடி, ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம். நடைபாதை எங்கும் இல்லை. இரண்டு இடத்தில் லாரிக்கு ஒதுங்கிச் சாக்கடை விளிம்பில் நின்றேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள், அந்த வழியில் வெயில் மட்டும்தான். கடைக்காரரிடம் ஸ்டூல் கேட்டேன். அதே ஸ்டூல்தானா என்று தெரியவில்லை. அதில் உட்கார்ந்தபோது உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கிறேன்.

பத்து நிமிஷம் என்று இனி ஒருநாளும் சொல்லமாட்டேன். காரை வங்கிக்காரரின் மச்சான் வாங்கிக்கொண்டார். அட்வான்ஸை உடனே கொடு. எனக்காகக் காத்திருக்காதே, அந்த மாடிப்படி உன்னுடையது.

ஒரே ஒரு கேள்வி, ஆர்வத்தில் கேட்கிறேன். அந்தச் சந்தில், நேராகப் பார்க்க முடியாத ஒருவன் தனியாக நடக்க முடியுமா?

இப்படிக்கு,
உன் சர்வேயர்

*

ஏப்ரல் 17

என் சர்வேயருக்கு,

எழுத்து போதுமான அளவு பெரிதாக இருக்கிறதா? மார்க்கர் பேனாவால் எழுதுகிறேன். பக்கத்துக்கு ஏழு வரிதான் பிடிக்கிறது, கடிதம் கல்யாணப் பத்திரிகை கனத்துக்கு வரும்.

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். நன்றாக அழுதேன். கூட வேலை செய்கிற பெண், ஏதோ ரிசல்ட் மோசம் என்று நினைத்துவிட்டாள். நான்கு மாதம்! உடம்பில் உள்ளதை என்னிடம் மறைக்கலாமா? ஊரார் உடம்பை எல்லாம் சோதித்துக்கொண்டிருந்தேன், என் வீட்டில் இருந்ததைப் பார்க்கவில்லை. கோபம் இன்னும் போகவில்லை, கொஞ்ச நாள் இருக்கும். ஆனால் நான் போவதற்காக நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள் என்பதை நினைத்தால், அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் ஊகத்தில் சொல்லக் கூடாது அல்லவா? சோதனை செய்தேன். ரத்தக் குப்பிகளில் ஒட்டுகிற வட்ட ஸ்டிக்கர் இரண்டை என் மூக்குக்கண்ணாடியின் நட்டநடுவில் ஒட்டிக்கொண்டேன். பஸ் நிறுத்தத்திலிருந்து சந்துக்கு நடந்தேன். தையல்கார அம்மா கடைக்குள்ளிருந்து கத்தினார், "என்னம்மா, கண்ணாடிக்கெல்லாம் பொட்டு வச்சிருக்கீங்க?" ஒரு முட்டைக் கூடையை மிதிக்க இருந்தேன். ஒருவரிடம் வழி கேட்டேன், அது தபால் பெட்டி.

ஆனாலும் முடியும். எழுதிக்கொள்ளுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி இடது கைப்பக்கம் சுவரைப் பிடித்தபடி இருநூற்றுப் பத்து காலடி. செருப்பு தைக்கிறவரின் சுத்தியல் சத்தம் கேட்டால் திரும்பவும். பிறகு மார்க்கெட். அங்கே கண் இருக்கிறவர்களும் இடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள், நீங்கள் தனியாகத் தெரியமாட்டீர்கள். ஒரே ஆபத்து, தண்ணீர்க் குழாய் அருகே மூடி உடைந்த ஒரு பள்ளம். நகராட்சிக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை தையல்கார அம்மாவின் உடைந்த ஸ்டூலை அதன் மேல் வைத்திருக்கிறேன்.

மாடி அறைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அது ஒருவருக்கான அறை. அது எனக்கு மட்டும்தான். இதைத் தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன், ஆனாலும் எழுத வேண்டும்.

மார்க்கெட்டுக்கு இந்தப் பக்கம், பழைய அச்சகத்துக்குப் பின்னால், தரைத்தளத்தில் இன்னோர் அறை காலியாக இருக்கிறது. படி கிடையாது. கார் அங்கேயும் வராது, ஆகையால் உங்கள் பென்ஷனுக்குள் அடங்கும். நம் வீட்டை வாடகைக்கு விடுங்கள், கார் வைத்திருக்கிற யாராவது சந்தோஷமாக வருவார்கள். அந்த அறையிலிருந்து என் வாசலுக்குத் தொள்ளாயிரத்து நாற்பது காலடி. நடந்தால் எட்டு நிமிஷம். நீங்கள் என்னைக் கேட்காமல் வெளியே போகலாம், நானும் உங்களைக் கேட்காமல் போவேன். மார்க்கெட்டில் பார்த்தால் பேசுவோம். அப்புறம் எப்படி என்று அப்புறம் பார்க்கலாம்.

அச்சகக்காரர் முப்பதாம் தேதி வரை அறையை வைத்திருப்பார். நான் பஸ் நிறுத்தத்துக்கு வரமாட்டேன். நீங்களாக நடந்து வந்து பார்க்க வேண்டும். கையில் பை இருக்கட்டும். எத்தனை தடவை கீழே வைத்தீர்கள் என்று கேட்பேன்.

இப்படிக்கு,
தொள்ளாயிரத்து நாற்பதாவது காலடியில் இருப்பவள்

*

மே 4

அன்புள்ள உனக்கு,

எட்டு நிமிஷ தூரத்துக்குத் தபால் எழுதுகிறானே என்று அச்சகக்காரர் சிரிக்கிறார். ஆள் பிடித்து அனுப்புவது உனக்குப் பிடிக்காதே, அதனால் ஸ்டாம்ப் ஒட்டுகிறேன்.

நான் வந்து இறங்கிய அன்றைக்கு, பஸ் நிறுத்தத்துக்கு வரமாட்டேன் என்று எழுதியிருந்த நீ, செருப்பு தைக்கிறவர் பக்கத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தாய். நேராகப் பார்த்தால்தான் எனக்குத் தெரியாது. நீ ஓரத்தில் நின்றாய்.

என் அளவில் தொள்ளாயிரத்து எண்பத்தேழு காலடி வருகிறது. மூன்று தடவை அளந்துவிட்டேன். உன் அளவோடு ஒத்துப்பார்க்க இன்னும் சில தடவை வர வேண்டியிருக்கும்.

பையை இரண்டு தடவை கீழே வைத்தேன். முதல் தடவை மூச்சு வாங்கியது. இரண்டாவது தடவை உன் வாசலில், மணி அடிக்க.

இப்படிக்கு,
அந்தப் பக்கத்துக்காரன்